புளி தட்டும் சத்தத்தில் வந்த மெட்டு: என்னுடையதா, பாட்டியுடையதா?

காவேரிப்பட்டணம் வயலின்

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. பகலில் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வயலின் வாசிக்க ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிச் சேலம் போய் ஒரு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டேன். கோயில் திருவிழா என்றால் பக்கவாத்தியம், கல்யாண வரவேற்பு என்றால் சினிமாப் பாட்டு, கூப்பிட்ட இடத்துக்குப் போவேன்.

விஷயம் என்னவென்றால், போன பங்குனியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓடு எடுத்த பழத்தைக் கல்மேல் வைத்து ஒரு சின்ன இரும்புத் துண்டால் தட்டிக் கொட்டையைத் தள்ளுவார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நான் உள்ளே வில்லுக்கு ரோசின் தேய்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்துகொண்டே இருந்த சத்தம் திடீரென்று கணக்காகக் கேட்க ஆரம்பித்தது. பெரியம்மாவின் கை இரண்டு தட்டு தட்டும், பழத்தைத் திருப்பும், இன்னொரு தட்டு, கொட்டையைத் தள்ளும். எண்ணிப் பாருங்கள், ஐந்து. தக தகிட. சுத்தமான கண்ட நடை, பெரியம்மாவுக்குக் கண்ட நடை என்றால் என்ன என்றே தெரியாது. பழத்தைத் திருப்பும் இடத்தில் சத்தம் இல்லை, அதனால் வாசிக்கும்போது அந்த இடத்தில் வில்லைக் கம்பியிலிருந்து தூக்கிவிட்டேன். அந்தச் சின்ன ஓட்டை வந்ததும்தான் மெட்டுக்கு உயிரே வந்தது.

முதலில் 40 விநாடிதான், போனில் பதிந்து வைத்தேன். அப்புறம் ஒரு மாதம் அதையே போட்டுப் பிசைந்து, செஞ்சுருட்டி ராகம் மாதிரி ஒரு சாயலில் இரண்டாம் பாதியும் சேர்த்தேன். ‘சொந்த மெட்டு’ என்று எழுதி இணையத்திலும் ஏற்றினேன். நாலு பேர் நல்லா இருக்கு என்றார்கள், எனக்கும் கொஞ்சம் தலை கனத்துவிட்டது.

பாலக்கோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் இதை வாசித்தேன். முடித்து வில்லைக் கீழே வைக்கிறேன், எதிரில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தர், எழுபதுக்கு மேல் இருக்கும், “ஏம்ப்பா, இது எங்க அம்மா ஊரு நாத்து நடுற பாட்டாச்சே, உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்றார். சொன்னதோடு நிற்காமல் பாடியும் காட்டினார். முதல் பாதி அவர் பாட்டில் இல்லை. இரண்டாம் பாதி அப்படியே இருக்கிறது. நாலே சுரம், நான் போட்ட அதே இறக்கம். சபையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் வீட்டுக்கு வந்து அந்தப் பதிவை எடுத்துவிட்டேன்.

சத்தியமாக அந்தப் பாட்டை நான் கேட்டதாக ஞாபகமே இல்லை. இப்போது இதை என்னுடையது என்று சொல்லலாமா கூடாதா? உங்களுக்கெல்லாம் மெட்டு எங்கிருந்து வருகிறது? என் மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஊத்தங்கரை 72

பாட்டி பாடியது இரண்டாம் பாதி, நீ கேட்டது புளி. இதில் என்ன குழப்பம்? ‘சொந்த மெட்டு’ என்கிற இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டு மறுபடி ஏற்று, வேலை முடிந்தது. பதிவை அழித்ததுதான் தப்பு.

கூத்துக்காரர் பேரன், பென்னாகரம்

தம்பி, ஆறுதல் சொல்ல ஆள் இருக்கிறேன். எங்கள் தாத்தா தெருக்கூத்தில் முகவீணை ஊதினவர், நாகஸ்வரம் மாதிரி ஒரு சின்னக் குழல். திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும் சீசனில் பங்குனியில் வீட்டை விட்டுக் கிளம்பினால் வைகாசி வரைக்கும் ஊர் ஊராகத்தான் இருப்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும் வரை ஊத வேண்டும். பின்னால் ஒரு பெஞ்சு, அதில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், ஓரத்தில் இவர். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் எடுக்கும்போது ஒவ்வோர் அடி முடிவிலும் இவர் அதை வாங்கி ஊதி நீட்ட வேண்டும். அந்த நீட்டலில் இவருக்கென்று ஒரு வளைவு இருந்தது. கீழே இறங்கி, நின்று, கரகரத்து மறுபடி ஏறும். அது முகாரி ராகமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. மற்ற ஜமா, அதாவது மற்றக் கூத்துக் குழு, ஆட்கள் கேட்டால் “கவலைப் பாட்டு” என்பார்.

கவலை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. மாடு சரிவில் இறங்கும்போது தண்ணீர்ச் சால் மேலே வரும், மாடு பின்னால் நடந்து ஏறும்போது சால் கீழே போகும். மேலே உருளை இருக்குமே, எண்ணெய் போடாத உருளை, பாரம் ஏறும்போது ஒரு மாதிரி முனகும், வெறும் சால் இறங்கும்போது வேறு மாதிரி கீச்சிடும். சின்ன வயதில் தாத்தா மாடு ஓட்டியவர். எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தோடு இருந்தவன் வேறு என்னத்தை ஊதுவான் என்று கேட்பார். கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்த பிறகும் உருளை அவர் வாயில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பாரதக் கூத்துக்கு வந்தவன் எவனும் எங்கள் கிணற்று உருளையைக் கேட்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டான், படுகளத்தன்று அழுதுவிட்டுப் போவான்.

உன் கேள்விக்கு வருகிறேன். தாத்தா ஒரு மெட்டைக்கூட என்னுடையது என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் யாராவது அந்த வளைவை மோசமாக ஊதினால் மட்டும் “என் சாமானை எடுத்துக்கிட்டுப் போயி கெடுக்குறான்” என்று திட்டுவார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

காவேரிப்பட்டணம் வயலின்

அண்ணா, உருளை விஷயம் அபாரம். அந்த வளைவை நீங்கள் யாராவது பதிந்து வைத்திருக்கிறீர்களா?

கூத்துக்காரர் பேரன், பென்னாகரம்

இல்லை. ஒரு கேசட் இருந்தது, எலி இழுத்துவிட்டது. வாயால் பாடிக் காட்டுகிறேன், வீட்டுக்கு வா.

தையல்கடை வயலின் டீச்சர், தருமபுரி

எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். 20 வருடமாகப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் கேள்வி வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டே இருக்கும்.

நாலே சுரம் என்றீர்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. வேலை செய்துகொண்டே பாடுபவர் குனிந்து நிமிர்ந்து பாடுகிறார், மேலே ஏற மூச்சு ஏது? புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, செஞ்சுருட்டி, குறிஞ்சி, நவரோஜ், இவை எல்லாமே மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ச-வை, எட்டாமல் திரும்பிவிடுகிற ராகங்கள், நாட்டுப்புறத்திலிருந்து கச்சேரிக்கு வந்தவை என்று நாம் சொல்கிற ராகங்களும் பெரும்பாலும் இவைதான். அந்தச் சின்ன வீட்டுக்குள் நாலு சுரத்தை வைத்து விளையாடினால் யாராவது ஒருவர் மேல் முட்டத்தான் செய்வீர்கள். பாட்டி மேல் முட்டினீர்கள், அவ்வளவுதான். அவரும் வேறு யாரோ ஒருத்தி மேல் முட்டியிருப்பார்.

இன்னொன்று. முதல் பாதி உங்கள் காதிலிருந்து வந்தது, இரண்டாம் பாதி விரலிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். திண்ணையில் கேட்டதை அப்படியே பிடித்தீர்கள், அதில் நகல் இல்லை. ஒரு மாதம் உட்கார்ந்து ‘பிசைந்தது’ வயலினைக் கையில் வைத்துக்கொண்டு. விரலுக்குப் பழகின வழி ஒன்று இருக்கும், மாட்டு வண்டி மாதிரி, ஓட்டுகிறவன் தூங்கினாலும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சின்ன வயதில் எங்கோ வயல் வரப்பில் கேட்டது அந்த வழியில் கிடந்திருக்கும். என் பிள்ளைகளிடம் நான் சொல்வது, புதிதாக ஒன்று தோன்றினால் உடனே வில்லை எடுக்காதே, இரண்டு நாள் வாயால் பாடு, வாயில் நின்றால் அப்புறம் கம்பிக்குக் கொண்டு போ. கொஞ்சம் கஷ்டம்தான், நானே பல தடவை மீறியிருக்கிறேன்.

எனக்கு மெட்டு தருவது எங்கள் வீட்டுத் தையல் மெஷின். வீட்டுக்காரர் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் காலை வைப்பார். அதனால் முதல் நாலைந்து குத்து மெதுவாக, தனித்தனியாக விழும், அப்புறம் ஓட்டம் பிடிக்கும், காலர் முனை வந்ததும் ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்திவிட்டுத் துணியைத் திருப்புவார். அந்த நிறுத்தம் இருக்கிறதே, உங்கள் புளியைத் திருப்புகிற மாதிரிதான். பண்டிகைக்கு முன்னால் ராத்திரி ஒரு மணி வரை ஓடும். தூங்க முடியாத கோபத்தில் போட்ட மெட்டு ஒன்று இருக்கிறது, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

வெளியிலிருந்து எடுப்பது பாவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் கையில் இருக்கும் வாத்தியமே வெளியிலிருந்து வந்ததுதானே. 1786ல் பிறந்த பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834ல் திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் தந்தத்தில் செய்த வயலின் பரிசளித்தார். பாலுசுவாமியின் அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் கோட்டை பேண்டுக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார், நோட்டு சுவரங்கள் என்று நாம் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோமே, அவைதான். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’ ஓர் ஐரிஷ் மெட்டு. பேண்டு வாசித்துவிட்டுப் போன மெட்டில் மதுரை மீனாட்சி உட்கார்ந்துவிட்டாள். ஒளித்தா செய்தார்? பெயரிலேயே ‘நோட்டு’ என்று சொல்லித்தானே வைத்திருக்கிறோம்.

தொப்பூர் கணவாய்

நான் வாசிப்பவன் இல்லை, லாரி ஓட்டுபவன். டீச்சர் சொன்ன தையல் மெஷின் மாதிரி எங்களுக்கு கியர். தொப்பூர் இறக்கத்தில் பாரத்தோடு இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினைப் பிடிக்க விட்டால் ஒரு முனகல் வரும், வேகம் ஏற ஏறச் சத்தமும் வழுக்கிக்கொண்டே மேலே போகும், பிரேக் மிதித்தால் கீழே வரும். வயலினில் விரலைத் தேய்த்து இழுக்கிறீர்களே, அதேதான். அது மேலே மட்டும் போய்க்கொண்டே இருந்தால் வயிறு கலங்கும். யாராவது அதை வாசித்துக் காட்டினால் கேட்க ஆசை, வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்க.

தையல்கடை வயலின் டீச்சர், தருமபுரி

அதற்கு ஜாரு என்று பெயர், தம்பி. இனிமேல் பிள்ளைகளுக்கு ஜாரு சொல்லிக்கொடுக்கும்போது உங்கள் லாரியைத்தான் சொல்லப் போகிறேன்.

ஓசூர்க்காரன், இப்போது எடின்பரோ

நான் கம்ப்யூட்டர் வேலைக்காக ஸ்காட்லாந்து வந்து ஆறு வருடம். சின்ன வயதில் ஓசூரில் வயலின் படித்து வர்ணத்தோடு விட்டவன். இங்கே வந்த பிறகுதான் மறுபடி எடுத்தேன், அதுவும் கர்நாடக சங்கீதத்துக்காக இல்லை. இங்கே மதுக்கடைகளில் ராத்திரி ஒரு மூலையில் வட்டமாக உட்கார்ந்து ஊர் மெட்டுகளை வாசிப்பார்கள், மேடை, மைக் எதுவும் கிடையாது. அதே வயலின்தான், இவர்கள் ஃபிடில் என்கிறார்கள். நம் மாதிரி தரையில் உட்கார்ந்து காலில் முட்டுக் கொடுத்துப் பிடிப்பதில்லை, சுருதியும் ச-ப-ச-ப இல்லை, அதனால் முதல் மூன்று மாதம் விரல் எல்லாம் தப்புத் தப்பாக விழுந்தது.

உங்கள் கேள்வி இங்கே தினம் நடக்கிற வழக்கு. பெரும்பாலான மெட்டுகள் எட்டு பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி) ஒரு பகுதி, எட்டு பார் இன்னொரு பகுதி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்பது. இதனால் ஒருவர் முதல் பகுதியைப் புதிதாகப் போட்டுவிட்டு இரண்டாம் பகுதி பழைய மெட்டு ஒன்றின் ஜாடையில் வந்து நிற்பது ரொம்ப சகஜம். யாரும் அடித்துக்கொள்வதில்லை. ஆனால் வாசிக்கும் முன்போ பின்போ “இதை இன்னாரிடம் கேட்டேன்” என்று சொல்லிவிடுவார்கள், சொல்லாமல் விட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

பெயர் வைப்பது இன்னும் வேடிக்கை. நம் ஊரில் ராகம், தாளம், சாமி. இங்கே கோழி, வெண்ணெய் கடைகிற கிழவி, பனி, பக்கத்து வீட்டுக்காரன், எது கண்ணில் பட்டதோ அது. பெயருக்கும் மெட்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்கிற அவசியமும் இல்லை, ஒரே மெட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். நீல் கௌ என்று ஒரு ஃபிடில்காரர், 1727லிருந்து 1807 வரை வாழ்ந்தவர், ஸ்காட்லாந்தில் அவர் பெயர் தெரியாத ஃபிடில்காரன் கிடையாது. 1799ல் விஸ்கி காய்ச்சக் கூடாது என்று தடை வந்தது. மனுஷன் உட்கார்ந்து விஸ்கிக்கு விடைகொடுக்கும் மெட்டு ஒன்று போட்டார், ரொம்ப நிதானமான, நிஜமாகவே துக்கம் கேட்கிற மெட்டு. அப்புறம் விஸ்கியை வரவேற்று இன்னொன்று. இரண்டாவது மனைவி இறந்தபோது அவர் போட்ட புலம்பல்தான் இன்றைக்கும் இங்கே யாராவது இறந்தால் வாசிக்கிறார்கள். விஸ்கியையும் மனைவியையும் ஒரே கையால் எழுதியிருக்கிறார்.

உங்களுக்குப் பக்கத்தில் வருகிறவர் எட் ரீவி. அயர்லாந்தில் காவன் பக்கம் பிறந்து அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்குப் போனவர், தொழில் பிளம்பர். பகலில் குழாய் வேலை, ராத்திரி மெட்டு, நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறார். 1988ல்தான் இறந்தார். அவர் போட்ட மெட்டுகள் பலவற்றை இன்று வாசிக்கிறவர்கள் முன்னூறு வருடப் பழசு என்று நினைத்துத்தான் வாசிக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு மெட்டுக்காரனுக்கு என்ன மரியாதை வேண்டும் என்று இங்கே ஒரு பெரியவர் சொன்னார், எனக்கு அது சரியாகப் படவில்லை, பெயரும் இருந்தால் நல்லதுதானே. அதற்காகத்தானோ என்னவோ, சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓனீல் என்கிற ஐரிஷ்காரர் தன் ஊர் ஆட்களைப் பிடித்துப் பிடித்து வாசிக்கச் சொல்லி எழுதி 1903ல் 1,850 மெட்டுகளைப் புத்தகமாகப் போட்டார். போலீஸ்காரர் கூப்பிட்டு வாசி என்றால் எவன் மாட்டேன் என்பான்.

டீச்சர் சொன்ன ஐரிஷ் மெட்டைப் போன மாதம் இங்கே வாசித்துவிட்டு, இது எங்கள் ஊரில் மீனாட்சி பாட்டு என்றேன். ஒருத்தருக்கும் நம்பிக்கை வரவில்லை, பாடிக் காட்டின பிறகு எனக்கு ஒரு கிளாஸ் வந்தது.

ஊத்தங்கரை 72

கதை எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு நடைமுறை விஷயம் சொல்கிறேன். இந்தியாவில் 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி இசை போட்டவர் இறந்து 60 வருடம் வரை உரிமை இருக்கும். யார் போட்டது என்றே தெரியாத நடவுப் பாட்டுக்குச் சண்டைக்கு வர ஆள் இல்லை. ஆனால் நீ அதைச் சொந்தம் என்று பதிவு பண்ணினால் நாளைக்கு அந்தப் பாட்டியின் பேத்தி பாடி இணையத்தில் ஏற்றும்போது, நகல் பிடிக்கிற எந்திரம் அவளைத் திருடி என்று சொல்லும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது நடந்தது, அவருடைய பாட்டியின் கும்மிப் பாட்டையே அவரால் ஏற்ற முடியவில்லை, எவனோ கீபோர்டு போட்டுப் பதிந்துவிட்டானாம். அதை மட்டும் செய்யாதே. பாட்டியைப் பார்த்தாயா?

காவேரிப்பட்டணம் வயலின்

பார்த்தேன். நேற்றுதான் போய் வந்தேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவருடைய அம்மா ஊர் பாரூர் ஏரிப் பக்கம். வயலினோடு போனால் பாட மாட்டார் என்று போன் மட்டும் எடுத்துப் போனேன், அப்படியும் ஒரு மணி நேரம் பாடவில்லை, களி கிண்டிப் போட்டு, பேரன் படிப்பைப் பற்றிப் பேசி, அப்புறம் முறத்தில் கொள்ளைப் போட்டுப் புடைக்க ஆரம்பித்ததும் தானாகவே வந்தது. உட்கார்ந்து பாடச் சொன்னால் வார்த்தை மறந்துவிடுகிறது, கை வேலையில் இருந்தால் ஒன்பது கண்ணி பாடுகிறார். முறத்தின் சத்தமும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது, அதை எடுக்கப் போவதில்லை.

கேட்டுப் பார்த்ததில் இரண்டாம் பாதி எனக்கும் அவருக்கும் முழுக்க ஒன்றில்லை. அவர் ஓர் இடத்தில் மூச்சு வாங்க நிறுத்துகிறார், நான் அங்கே நிறுத்தாமல் ஓடியிருக்கிறேன். அவருடைய நிறுத்தம்தான் நன்றாக இருக்கிறது, மாற்றிவிட்டேன். டீச்சர் அம்மா, நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு நாள் வாயால் பாடித்தான் மாற்றினேன். மறுபடி ஏற்றும்போது முதல் பாதிக்குப் பெரியம்மாவின் புளி, இரண்டாம் பாதிக்குப் பாட்டியின் நடவு என்று எழுதப் போகிறேன், இரண்டு பேரும் சரி என்றுவிட்டார்கள். பெரியம்மா மட்டும் “புளி தட்டுறதுக்கே கூலி ஏத்த மாட்டேங்குறான், இதுக்கு எவ்வளவு தருவ” என்று கேட்டார்.

எடின்பரோ அண்ணா சொன்னதைக் கேட்டுப் பெயரும் வைத்தாகிவிட்டது: ‘பெரியம்மா புளி’.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பாட்டு உங்கள் அம்மா சொல்லிக் கொடுத்ததா என்று பாட்டியைக் கேட்டேன். வார்த்தை அம்மாவுடையதாம். மெட்டு, அம்மா பாரதக் கூத்துக்குப் போனபோது குழல் ஊதினவர் ஊதக் கேட்டு, மறுநாள் நடவில் வார்த்தை போட்டுக்கொண்டார்களாம்.

கூத்துக்காரர் பேரன், பென்னாகரம்

எந்த ஊர் ஜமா என்று கேட்டாயா?

காவேரிப்பட்டணம் வயலின்

கேட்டேன் அண்ணா. ஊரும் தெரியாது, பெயரும் தெரியாது. குழல்காரருக்கு முன்பல் ஒன்று இல்லை, அதை அம்மா ஊதிக் காட்டிச் சிரிப்பாள் என்றார்.

கூத்துக்காரர் பேரன், பென்னாகரம்

தாத்தாவுக்குக் கடைசிவரை எல்லாப் பல்லும் இருந்தது. வேறு ஆள்.